பெண்ணைக் கரையில் ஒரு பிரெஞ்சு ஊர்: பாகூரின் நிலமும் வரலாறும்

முன்னுரை

ஸ்ரீமுஷ்ணம், காட்டுமன்னார்கோயில் வட்டாரத்து மக்களுக்கு ஏரியின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கொள்ளிடத்து நீர் வடவாற்றின் வழியே வந்து வீராணத்தில் தேங்குவதும், ஏரி நிறைந்த ஆண்டில் ஊர் செழிப்பதும், ஏரி வறண்ட ஆண்டில் ஊர் வாடுவதும் இவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டுவரும் உண்மைகள். இதே தென்னார்க்காட்டு நிலத்தின் வடக்கு எல்லையில், கொள்ளிடத்துக்குப் பெண்ணையாறும் வீராணத்துக்குப் பாகூர் ஏரியும் இணையாகச் சொல்லத்தக்க ஓர் ஊர் உண்டு. அதுவே பாகூர். வெள்ளாற்றையும் கெடிலத்தையும் கடந்து வடக்கே செல்பவர், பெண்ணையாற்றைத் தாண்டியவுடன் அவ்வூரின் வயல்களைக் காண்பர்.

நில அமைப்பால் பாகூர் கடலூரோடு ஒட்டியது. மொழியாலும் உறவாலும் பிரிக்கவொண்ணாதது. ஆயினும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் அது பிரெஞ்சியர் ஆட்சியின்கீழ் இருந்தது. புதுச்சேரி நகரின் கடற்கரையையும் நேர்வீதிகளையும் அறிந்தவர் பலர். அந்நகருக்குச் சோறிட்ட இச்சிற்றூரை அறிந்தவர் சிலரே. பாகூரின் நில அமைப்பையும், அங்குள்ள வரலாற்றுச் சின்னங்களையும், அவ்வூர் அயலார் எல்லைக்குள் சென்று மீண்ட வரலாற்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

அமைவிடம்

பாகூர் புதுச்சேரி நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவிலும், கடலூருக்கு வடமேற்கிலும் அமைந்துள்ளது. புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் பெருவழியில் கன்னியக்கோயிலை அடைந்து, மேற்கே திரும்பி உள்நாட்டுப் பக்கம் சென்றால் ஊரை அடையலாம். தெற்கே பெண்ணையாறு ஓடிக் கடலூருக்கு வடக்கே கடலில் கலக்கிறது. குருவிநத்தம், சோரியாங்குப்பம் முதலிய ஊர்கள் ஆற்றின் வடகரையை ஒட்டி அமைந்தவை. கிருமாம்பாக்கம், சேலியமேடு, அரங்கனூர், பரிக்கல்பட்டு, இருளன்சந்தை முதலியனவும் பாகூரைச் சூழ்ந்த ஊர்களே.

ஆறு கொணர்ந்து சேர்த்த வண்டல் நிலம் ஆதலின் இப்பகுதி நெல்லுக்கும் கரும்புக்கும் ஏற்றது. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று இதனை வழங்குவர். இவ்வளவு வளமுடைய பகுதி அரசியல் எல்லையைப் பொறுத்தவரை விந்தையான அமைப்பை உடையது. புதுச்சேரிப் பகுதி ஒரே பரப்பாக இல்லாமல் பல துண்டுகளாகச் சிதறிக் கிடப்பது யாவரும் அறிந்ததே. ஓர் ஊர் புதுச்சேரியைச் சார்ந்திருக்க, அதற்கடுத்த ஊர் தமிழ்நாட்டைச் சார்ந்திருக்கும். ஒருவர் வீடு ஓர் ஆட்சியிலும் அவர் வயல் மற்றோர் ஆட்சியிலும் இருக்கக் கூடும். இந்த எல்லையை ஆறோ மலையோ வகுக்கவில்லை. அது வகுக்கப்பட்ட வரலாற்றைப் பின்னர்க் காண்போம்.

பெயரும் செப்பேடும்

இவ்வூரின் பழம்பெயர் வாகூர். பழைய ஆவணங்கள் யாவும் இப்பெயரையே தாங்கியுள்ளன. வகரம் பகரமாகத் திரிந்து பாகூர் என நிலைபெற்றது பிற்கால வழக்கு.

பாகூரின் பெயரை ஆய்வுலகம் முழுவதும் அறியச் செய்தது 1879 இல் அங்குக் கிடைத்த செப்பேடு ஆகும். ஐந்து ஏடுகளைக் கொண்ட இச்செப்பேடு வடமொழிப் பகுதியும் தமிழ்ப் பகுதியும் உடையது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இது வழங்கப்பெற்றது. சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்னும் மூன்று ஊர்கள் வாகூரில் இயங்கிய வித்யாஸ்தானத்துக்குக் கொடையாக அளிக்கப்பட்டன. கொடைக்கு வேண்டுகோள் விடுத்தவன் நிலைதாங்கி என்னும் தலைவன். கல்வியின் பொருட்டு விடப்பட்ட இத்தகைய நிலக்கொடையை 'வித்யாபோகம்' என்பர்.

வித்யாஸ்தானம் என்பதைக் கல்விக் கழகம் எனக் கொள்ளலாம். பெண்ணையாற்றை ஒட்டிய இந்நிலப்பகுதி கல்விக்குக் கொடையளிப்பதில் தனிச்சிறப்புடையதாக இருந்தது என்பதற்கு வேறு சான்றுகளும் உள்ளன. முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் எண்ணாயிரத்தில் நடைபெற்ற கல்லூரியில் 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் இருந்தனர். முதலாம் இராசாதிராசன் காலத்தில், 1048 இல், திருபுவனையில் இருந்த கல்லூரியில் 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் இருந்தனர் எனக் கல்வெட்டால் அறிகிறோம். எண்ணாயிரம் இன்று விழுப்புரம் மாவட்டத்தைச் சார்ந்தது. திருபுவனையோ புதுச்சேரியைச் சார்ந்தது. இவ்விரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு முற்பட்டது வாகூரின் கல்விக் கழகம்.

இப்பெருமையைச் சொல்லும்போது மற்றோர் உண்மையையும் மறைத்தல் ஆகாது. அக்கழகங்களில் வேதமும் சாத்திரமும் ஓதும் உரிமை ஒரு பிரிவினருக்கே இருந்தது. மூன்று ஊர்களின் உழவர் விளைத்த நெல் கல்விக்குச் சென்றது; அவர்தம் பிள்ளைகள் அக்கல்வியைப் பெற்றனர் என்பதற்குச் சான்றில்லை. கொடையின் பெருமையோடு அதன் எல்லையையும் சேர்த்துக் காண்பதே வரலாற்றுப் பார்வையாகும்.

மூலநாதர் கோயில்

பாகூரின் நடுநாயகமாக விளங்குவது மூலநாதர் திருக்கோயில். இறைவி வேதாம்பிகை எனப் பெயர் பெற்றவர். சோழர் காலக் கற்றளியாகிய இதன் சுவர்களில் பத்தாம் நூற்றாண்டு தொட்டுப் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் பல உள்ளன. கருவறையைச் சுற்றி வருவோர், கல்லில் வடித்த சிறு சிற்பங்களையும் எழுத்து வரிகளையும் ஒருங்கே காணலாம்.

சோழர் கல்வெட்டுகளோடு இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனின் கல்வெட்டும் இங்கு இருப்பது சிறப்பாக நோக்கத்தக்கது. 'கச்சியும் தஞ்சையும் கொண்ட' கன்னரதேவன் எனத் தமிழ்க் கல்வெட்டுகள் குறிப்பவன் இவனே. தக்காணத்தில் ஆண்ட அரசனின் பெயர் பெண்ணைக் கரையில் பொறிக்கப்பட்டதற்குக் காரணம் ஒரு போர்.

வடக்கிலிருந்து வரும் படையெடுப்பை எதிர்நோக்கி, முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தன் திருநாவலூர்ப் பகுதியில் பெரும்படையுடன் தங்கியிருந்தான். அவனுடைய படைத்தலைவன் வெள்ளன்குமரன் பெண்ணைக் கரையிலுள்ள கிராமம் என்னும் ஊரில் சிவன் கோயில் ஒன்றைக் கற்றளியாக எடுத்தான். அப்படை வீரர்களைக் கொண்டே வீராணம் ஏரி வெட்டப்பட்டது என்பது வழிவழி வரும் செய்தி. பராந்தகனின் வீரநாராயணன் என்னும் சிறப்புப் பெயரே ஏரிக்கும் அமைந்தது. கி.பி. 949 இல் தக்கோலப் போரில் இராசாதித்தன் யானைமீதிருந்தபடியே உயிர்நீத்தான். அதன்பின் தொண்டை நாடும் நடுநாட்டின் பகுதிகளும் சில காலம் இராட்டிரகூடர் வசம் இருந்தன. ஆகவே, வீராணத்தின் தோற்றமும் பாகூர்க் கோயிற்சுவரில் கன்னரதேவன் பெயர் இடம்பெற்றதும் ஒரே போர்க்காலத்தின் இரு விளைவுகள் எனலாம்.

ஆட்சி மாறியபோதும் கோயிற்பணி நின்றுவிடவில்லை. சோழர் பொறித்த சுவரிலேயே இராட்டிரகூடன் பெயரும் பொறிக்கப்பட்டது. மீண்டும் சோழர் பெயர் வந்தது. அரசர் மாறினும் ஊர் தன் வழியே இயங்கியது என்பதை இச்சுவர்கள் உணர்த்துகின்றன.

ஏரியும் பங்காரு வாய்க்காலும்

பாகூரின் உயிர்நாடி அதன் ஏரியே. புதுச்சேரிப் பகுதியின் 84 ஏரிகளுள் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி இதுவாகும். மழைக்காலத்துக்குப்பின் நீர் நிறைந்திருக்கும்போது வெளிநாட்டுப் பறவைகள் வந்து தங்கும் இடமாகவும் இது விளங்குகிறது.

இவ்வேரி மழைநீரை மட்டும் நம்பியிருப்பதன்று. பெண்ணையாற்றின் குறுக்கே சொர்ணாவூரில் அணைக்கட்டு ஒன்று உள்ளது. அங்கிருந்து பிரியும் பங்காரு வாய்க்கால் ஆற்றுநீரை ஏரிக்குக் கொண்டு வருகிறது. ஆறு, அணை, வாய்க்கால், ஏரி, மதகு, கழனி என ஒன்றையொன்று பற்றி நிற்கும் இத்தொடரில் ஏதேனும் ஒன்று பழுதுபடினும் கடைமடை வயல் காயும்.

வாய்க்காலின் பெயர்பற்றி மக்களிடையே ஒரு கதை வழங்குகிறது. பங்காரி, சிங்காரி என்னும் உடன்பிறந்தார் இருவர் கோயிலில் ஆடற்பணி செய்தவர்கள். தாம் ஈட்டிய செல்வத்தை ஊரின் நீர்ப்பணிக்கு அவர்கள் ஈந்தனர் என்றும், அவர்கள் பெயரே வாய்க்காலுக்கு நிலைத்தது என்றும் கூறுவர். பங்காரு என்பது தெலுங்கில் பொன்னைக் குறிக்கும். வாய்க்கால் தோன்றும் ஊரின் பெயரிலுள்ள சொர்ணம் என்பதும் பொன்னே. நீரைப் பொன்னாகக் கருதிய மக்களின் மனம் இவ்விரு பெயர்களிலும் வெளிப்படுகிறது எனக் கொள்வது பொருந்தும்.

இக்கதை முழுதும் வரலாறா, பெயரையொட்டி எழுந்த புனைவா என்னும் வினா எழலாம். கோயிற்பணி செய்த பெண்டிர் அறக்கொடைகள் புரிந்தமைக்குத் தமிழகக் கல்வெட்டுகளில் சான்றுகள் மிகப் பல. ஆதலின் இக்கதை நடவாத ஒன்றைக் கூறுவதாகத் தள்ளிவிட இயலாது. நிலைதாங்கியின் கொடை செம்பில் எழுதப்பட்டது. இவ்விரு பெண்களின் கொடை ஊரார் நாவில் மட்டும் எழுதப்பட்டது. ஆயினும் நாவில் எழுதப்பட்டதும் அழியாமல் நிற்கிறது.

ஏரியைப் பேணுதல் முற்காலத்தில் ஊர்ச்சபையின் தலையாய கடன்களுள் ஒன்று. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சார்ந்த உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்கு உறுப்பினரைக் குடவோலை வழியே தேர்ந்தெடுத்த முறையை விரித்துரைக்கின்றன. ஏரி ஒருவரது உடைமையன்று, ஊரின் பொதுவுடைமை என்னும் எண்ணமே அம்முறைக்கு அடிப்படை.

பிரெஞ்சியர் வருகை

புதுச்சேரியில் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பிரெஞ்சியர் காலூன்றினர். எனினும் அவர்தம் உடைமை கடற்கரை நகரும் அதனைச் சூழ்ந்த சில ஊர்களுமே. நகர் வளர வளர அதற்கு உணவும் வரி வருவாயும் தேவைப்பட்டன. அவ்விரண்டையும் தரவல்ல நன்செய்ப் பகுதிகளாக வில்லியனூரும் பாகூரும் விளங்கின.

ஆர்க்காட்டு நவாபு பதவிக்காக எழுந்த போட்டியில் சந்தா சாகிபுக்குத் துணை நின்றார் ஆளுநர் தூப்ளே. அத்துணைக்குக் கைம்மாறாக 1749-50 ஆம் ஆண்டுகளில் வில்லியனூர், பாகூர்ப் பகுதிகள் பிரெஞ்சியருக்குக் கிடைத்தன. பாகூர் மக்கள் கேட்டோ அறிந்தோ நிகழ்ந்த மாற்றமன்று இது. இருவர் செய்துகொண்ட உடன்பாட்டில் ஏரியும் கோயிலும் ஊரும் உழவரும் கைமாறினர்.

பாகூர்ப் போர்

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டை இருந்தது. புதுச்சேரிக்கும் அக்கோட்டைக்கும் இடையில் அமைந்தமையால் பாகூர் போர்க்களமாவது தவிர்க்க முடியாததாயிற்று.

1752 ஆம் ஆண்டு சூன் மாதம் திருவரங்கத்தில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது; சந்தா சாகிபு கொல்லப்பட்டார். இழந்த செல்வாக்கை மீட்க விரும்பிய தூப்ளே, தம் உறவினர் கெர்சான் தலைமையில் படையொன்றைத் தெற்கே அனுப்பினார். ஆங்கிலப் படைக்குத் தலைமை தாங்கியவர் மேசர் இலாரன்சு. அவர் கோட்டையை நோக்கிப் பின்வாங்குவதுபோல் காட்டிக் கெர்சானை முன்னேறச் செய்தார். அவ்வாண்டு செப்டம்பர்த் தொடக்கத்தில் ஒருநாள் விடியற்பொழுதில் பாகூரருகே இரு படைகளும் பொருதன. துப்பாக்கிச் சனியன்களால் குத்திக் கைகலந்த அப்போரில் பிரெஞ்சுப் படை தோற்றது, கெர்சான் சிறைப்பட்டார். 1754 இல் தூப்ளே பிரான்சுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார்.

வரலாற்று நூல்கள் இப்போரை இலாரன்சின் வெற்றியாகவும் தூப்ளேயின் தோல்வியாகவும் கூறும். படைகள் மிதித்த வயல்களைப் பற்றியோ, அவ்வாண்டு நெல் இழந்த உழவரைப் பற்றியோ அவை ஒன்றும் கூறுவதில்லை.

எல்லைக்கோடு நிலைத்தல்

1761 இல் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்து இடிக்கப்பட்டது. 1763 ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கையால் மீண்டும் பிரெஞ்சியர் வசமாயிற்று. அமெரிக்க விடுதலைப் போரின் முடிவில், 1783 இல் வெர்சேயில் செய்யப்பட்ட உடன்படிக்கையில், புதுச்சேரியைச் சூழ்ந்த சார்புப் பகுதிகளாக வில்லியனூரும் பாகூரும் பெயர் குறித்துச் சேர்க்கப்பட்டன. பெண்ணைக் கரை உழவர் கேள்விப்பட்டிராத ஓர் அரண்மனை நகரில் அவர்தம் ஊரின் எல்லை வரையறுக்கப்பட்டது. 1793 இல் மீண்டும் ஆங்கிலேயர் கைப்பற்ற, 1816 இல் பிரெஞ்சியர் திரும்பப் பெற்றனர். இதற்கிடையே 1801 இல் ஆர்க்காட்டு நவாபின் நாடு கும்பினி ஆட்சிக்குள் வந்தது. அன்றுமுதல் பாகூரைச் சுற்றியிருந்த தென்னார்க்காட்டு ஊர்கள் ஆங்கிலேயர் ஆட்சியிலும், பாகூர் பிரெஞ்சியர் ஆட்சியிலும் நிலைத்தன.

1880 ஆம் ஆண்டு ஆணையால் பிரெஞ்சிந்தியாவில் கொம்யூன்கள் என்னும் நகராட்சி அமைப்புகள் தோன்றின. தொடக்கத்தில் அமைந்த பத்துக் கொம்யூன்களுள் பாகூரும் ஒன்று. 1907 இல் கொம்யூன்களின் எண்ணிக்கை பதினேழாக உயர்ந்தது. மேர் எனப்பட்ட தலைவரும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினரும் ஊர்ப்பணிகளைக் கவனித்தனர். ஏரி வாரியம் கண்ட நாட்டில் தேர்தலும் சபையும் முற்றிலும் புதியன அல்ல. புதியதாக வந்தது அவற்றின் பிரெஞ்சுப் பெயரே. கொம்யூன் பஞ்சாயத்து என்னும் பெயர் இன்றளவும் புதுச்சேரியில் வழங்கிவருகிறது.

எல்லைக்கோடு சிலருக்கு அடைக்கலமாகவும் அமைந்தது. ஆங்கில அரசின் அடக்குமுறைக்குத் தப்பி 1908 இல் புதுச்சேரியை அடைந்தார் பாரதியார். பத்தாண்டுகள் கழித்து, 1918 நவம்பரில், தெற்கே எல்லையைக் கடந்தவுடன் கடலூர் அருகே கைது செய்யப்பட்டுக் கடலூர்ச் சிறையில் வைக்கப்பட்டார். ஒரு கோட்டின் இப்பக்கம் சிறையும் அப்பக்கம் விடுதலையுமாக இருந்த நிலையைத் தமிழ்க் கவிஞர் ஒருவரின் வாழ்வே காட்டுகிறது.

மக்களுக்கோ எல்லை அன்றாடத் தொல்லை. 1941 இல் ஏற்பட்ட சுங்க ஒன்றியம் 1949 இல் முடிவுற்றபின், பிரெஞ்சுப் பகுதியைச் சுற்றிச் சுங்கக் காவல் இறுகிற்று. உறவினரைக் காணச் செல்வதும் சந்தைக்குப் பொருள் கொண்டு செல்வதும் சோதனைக்கு உட்பட்டன.

இணைப்பு

1954 மார்ச்சில் புதுச்சேரிப் பகுதியின் கொம்யூன்களைச் சேர்ந்த மேர்களும் உறுப்பினரும் இந்தியாவுடன் இணைய வேண்டுமெனத் தீர்மானித்தனர். அவ்வாண்டு அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பேராளர் 178 பேர் கூடினர். 170 பேர் இணைப்புக்கு ஆதரவாகவும் 8 பேர் எதிராகவும் வாக்களித்தனர். நவம்பர் 1 அன்று ஆட்சி இந்திய அரசிடம் வந்தது. 1956 மே 28 இல் கையொப்பமான உடன்படிக்கை 1962 ஆகஸ்டு 16 அன்று சட்டப்படி முழுமை பெற்றது. 1749-50 இல் பாகூரின் நிலையை முடிவு செய்தவர்கள் நவாபு பதவியை நாடிய ஒருவரும் ஆளுநர் ஒருவரும். 1954 இல் முடிவு செய்தவர்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். இவ்வேறுபாடே இரு நூற்றாண்டு வரலாற்றின் சாரம்.

நீரறியா எல்லை

அயலவர் சென்றனர், ஆயினும் அவர் வகுத்த கோடு மாநில எல்லையாக நிலைத்துவிட்டது. பாகூர் ஏரி புதுச்சேரியைச் சார்ந்தது. அதற்கு நீர் தரும் சொர்ணாவூர் அணைக்கட்டோ தமிழ்நாட்டைச் சார்ந்தது. மேலே, 1958 இல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணையும் தமிழ்நாட்டினதே. இரு அரசுகளும் ஒத்து நின்றாலன்றிப் பங்காரு வாய்க்காலில் நீர் ஓடாது.

நீர் குறையும்போது மட்டுமன்றி மிகும்போதும் இவ்வுண்மை வெளிப்படுகிறது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரையைக் கடந்தது. தொடர்ந்து சாத்தனூர் அணையிலிருந்து பெருமளவு நீர் திறக்கப்பட, டிசம்பர்த் தொடக்கத்தில் பெண்ணையாறு கரைபுரண்டது. கடலூரின் ஊர்களும் பாகூரின் ஊர்களும் ஒருங்கே வெள்ளத்தில் மூழ்கின. எந்த வயல் எந்த ஆட்சிக்கு உரியது என்று வெள்ளம் பார்க்கவில்லை.

முடிவுரை

பாகூரின் வரலாற்றைத் தொகுத்து நோக்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. பல்லவன் காலத்து வித்யாஸ்தானம் இன்று இல்லை. அதனைப் பற்றிய செப்பேடு மட்டுமே நமக்குக் கிடைத்துள்ளது. தூப்ளேயின் பேரரசுக் கனவு கலைந்தது. போர்க்களம் மீண்டும் வயலாயிற்று. இத்தனை மாற்றங்களுக்கிடையே தொடர்ந்து பயன்பட்டுவருவது ஏரியும் அதற்கு நீர் கொணரும் வாய்க்காலுமே. ஆண்டுதோறும் தூர் வாரியும் கரை உயர்த்தியும் மதகு திருத்தியும் வந்த பெயர் தெரியாத மக்களின் உழைப்பே அவற்றை நிலைபெறச் செய்தது. மன்னன் கொடுத்ததைவிட மக்கள் பேணியது நெடுநாள் வாழ்ந்தது.

பாகூருக்குச் செல்வோர் மூலநாதர் கோயிலின் கல்வெட்டுகளைக் கண்டபின் ஏரிக்கரைமீதும் சற்று நடந்து பார்த்தல் வேண்டும். வீராணத்தின் கரையில் நிற்கும்போது தோன்றும் அதே உணர்வு அங்கும் தோன்றும். வீராணமாயினும் பாகூர் ஏரியாயினும், தூர்ந்து போகவிட்டால் மீண்டும் வெட்டித்தர இராசாதித்தனின் படையோ பங்காரியின் பொன்னோ வரப்போவதில்லை. முன்னோர் விட்டுச்சென்ற ஏரியை நீர் நிறைந்த ஏரியாகவே அடுத்த தலைமுறைக்கு ஒப்படைத்தல் இன்றுள்ளோர் கடனாகும்.